வைவாவுக்கு ஒரு சொதி

ஜூன் 3

ஆய்வேடு தேறிவிட்டது. வெளியூர்த் தேர்வாளர்களின் அறிக்கை நல்லபடியாக வந்திருப்பதாக என் நெறியாளர் பேராசிரியர் பூதலிங்கம் போனில் சொன்னார். இனி வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. எங்கள் பாஷையில் வைவா.

'குடும்ப உழைப்பும் பெண்ணின் கீழ்நிலையும்: ஒரு மெய்யியல் ஆய்வு.' தலைப்பு அவர் வைத்தது. உள்ளே இருப்பது முழுக்க நான் எழுதியது. அட்டையில் அவர் தம் பட்டங்களோடு மூன்று வரி வருகிறார். நான் 'ஆ. தில்லைநாயகி' என்று அரை வரியில் முடிந்துவிடுகிறேன். அந்த 'ஆ'வும் என் கணவர் ஆவுடையப்பனுடையது.

வாழ்த்துச் சொன்ன கையோடு அடுத்த கேள்வி வந்தது. "வைவா சாப்பாட்டுக்கு என்னம்மா ஏற்பாடு?"

வைவா முடிந்ததும் வந்தவர் எல்லோருக்கும் ஆய்வாளர் மதியச் சாப்பாடு போடவேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழக விதியிலும் இல்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் துறையில் யாரும் மீறாத ஒரே விதி அதுதான். போன வருடம் ஒரு பையன் ஹோட்டல் பொட்டலம் வரவழைத்துவிட்டான். அவனுடைய ஆய்வு எப்படி என்று இன்றைக்குக் கேட்டாலும் சார், "சாம்பார் ஊசிப்போயிருந்துது" என்பார்.

"நம்ம ஊருச் சொதி போட்டுருவோம்மா. வெளியூர்க்காரங்க சாப்பிட்டிருக்க மாட்டாங்க. ஆனா வீட்டுல வச்சதா இருக்கணும். சமையல்காரன் சொதியில மாவைக் கரைச்சு விட்டுருதான்."

தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டுச் செய்கிற சொதி, திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து. ஆக வைவாவில் நான் பெண் வீடு. அவர்கள் மாப்பிள்ளை வீடு. பெண்ணின் கீழ்நிலையைப் பற்றி நான் எழுதியதில் இந்தப் பகுதி விட்டுப்போயிருக்கிறது.

நல்லவேளை, சொதியைப் பற்றிக் கவலை இல்லை. என் கணவரின் தங்கை உலகம்மாள் எங்களோடுதான் இருக்கிறாள். உலகு சொதி வைத்தால் தெருவே வந்து நிற்கும்.

ஜூன் 5

சார் வீட்டுக்குப் போனேன். அவருக்குப் 'பெண்ணியச் செம்மல்' என்று ஒரு பட்டம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு மாநாட்டில் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்தது. மேடையில் இருந்த ஒரே பெண் குத்துவிளக்கு ஏற்றிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

என் மூன்றாம் அத்தியாயம், 'கண்ணுக்குத் தெரியாத உழைப்பு'. அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். "பெண்ணோட உழைப்பு நடக்கும்போது தெரியாதும்மா. நின்னாத்தான் தெரியும்" என்றார். நல்ல வாக்கியம். நான் எழுதியதுதான். பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "காபி" என்றார். காபி வந்தது. சார் வீட்டுக் காபிக்குக் கால் முளைத்திருக்கிறது. உள்ளேயிருந்து தானாக நடந்து வருகிறது.

டம்ளரை வைத்துவிட்டுப் போன அவர் மனைவிக்கு அறுபது வயதிருக்கும். ஆறு வருடமாக அந்த வீட்டுக்குப் போகிறேன், அவர் பெயர் எனக்குத் தெரியாது. சார் அவரை 'ஏய்' என்பார். நாங்கள் 'அம்மா' என்போம். எனக்கு எரிச்சலாக வந்தது. பெண்களைப் பற்றி இவ்வளவு பேசுகிற ஒரு மனிதருக்குத் தன் வீட்டில் காபி போடுவது யார் என்று ஒருநாளாவது தோன்றாதா?

வீட்டுக்கு வந்து, எரிச்சல் ஆறாமல் நாற்காலியில் சாய்ந்தேன். காபி வந்தது. கொஞ்சம் தெம்பாக இருந்தது.

ஜூன் 6

எழுத ஒன்றுமில்லை. துணி மடிந்துவிட்டது, பாத்திரம் கழுவியாயிற்று. வீடு அதுபாட்டுக்கு நடக்கிறது. இப்படி இருந்தால்தான் படிக்க முடியும்.

ஜூன் 9

என் கணவருடைய வங்கி நண்பர்கள் வந்திருந்தார்கள். இவர் பெருமையாகச் சொன்னார்: "நான்தான் படிக்க விட்டேன். கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டேன், எவ்வளவு வேணும்னாலும் படின்னு."

விட்டேன் என்பது எவ்வளவு அழகான சொல். மாட்டை விடுகிறோம், தண்ணீரை விடுகிறோம், மனைவியைப் படிக்க விடுகிறோம். நண்பர்கள் என்னைப் பார்த்து, கொடுத்து வைத்தவள் என்றார்கள். நான் சிரித்தேன். இருபது வருடமாகச் சிரித்துச் சிரித்து அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக வந்துவிட்டது.

அதே மூச்சில் தங்கையைப் பற்றியும் சொன்னார். "உலகு பாவம். மாப்பிள்ளை சரியில்ல, வந்துட்டா. நாமதான ஒரு நெழலு குடுக்கணும்." நிழலில் இருந்தவள் அப்போது அடுப்படி வெக்கையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள்.

நண்பர்கள் போனபிறகு உலகு ஒரு புத்தகத்தோடு வந்தாள். எங்கள் மகனுடைய பழைய பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம். அவன் கோவையில் படிக்கிறான். "மதினி, இந்தக் கட்டுரைய ஒருக்க சொல்லித் தாரீகளா? பாதிக்கு மேல வெளங்க மாட்டேங்கு."

பொழுது போகாமல் படிக்கிறாள் போலிருக்கிறது. நல்ல பழக்கம்தான். "வைவா முடியட்டும் உலகு. உக்காந்து பொறுமையா சொல்லித்தாரேன்" என்றேன். "சரி மதினி" என்று போய்விட்டாள்.

ஜூன் 14

தேதி முடிவாகிவிட்டது. ஜூலை 2, காலை பத்தரை. வெளித் தேர்வாளர் கோயம்புத்தூரிலிருந்து வருகிறார், முனைவர் சாரதாமணி. ஒரு மணிக்குச் சாப்பாடு. முப்பது பேர். சோறு, ரசம், மற்றதெல்லாம் சமையல்காரர்; சொதியும் இஞ்சித் துவையலும் மட்டும் வீட்டிலிருந்து.

உலகுவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"எத்தனாந் தேதி மதினி?"

"ரெண்டு."

"அன்னைக்கு எனக்கு ஒரு சோலி இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகுவுக்கு என்ன சோலி? ஆறு வருடத்தில் அவள் கோவிலுக்குப் போவதைத் தவிர தனியாக எங்கேயும் போனதில்லை. "என்ன சோலி?" என்றேன். "நாளைக்குச் சொல்லுதேன்" என்று கீரையோடு எழுந்து போனாள்.

ஜூன் 15

பரீட்சையாம்.

கல்யாணத்துக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் உலகுவுக்கு ஆங்கிலம் மட்டும் போயிருந்தது. மறுபடி எழுதுவதற்குள் மாப்பிள்ளை அமைந்துவிட்டான். பிறகு அவன் அமையவில்லை என்பது வேறு கதை. இப்போது அந்த ஒரு பேப்பரை எழுதப் போகிறாளாம். விண்ணப்பம் போட்டு, போட்டோ எடுத்து, ஹால் டிக்கெட்டே வந்துவிட்டது. எல்லாம் என் வீட்டிலிருந்தபடியே நடந்திருக்கிறது. பெண்கள் சுயமாக முடிவெடுக்கத் தொடங்கும் கணம் பற்றி ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். அந்தக் கணம் என் அடுப்படியில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வரும் என்று எழுதவில்லை.

"தென்காசில ஒரு பெண்கள் ஹாஸ்டல்ல வார்டனுக்கு ஒத்தாசையா ஆள் வேணுமாம் மதினி. அங்கேயே தங்கிக்கிடலாம். பிளஸ் டூ பாஸாயிருக்கணும். ஆவணி பெறந்ததும் சேரணும்னு சொல்லிட்டாக. இந்தத் தடவ பாஸாகலேன்னா வேற ஆளப் போட்டுருவாக."

"பரீட்சை என்னைக்கு?"

"ரெண்டாந் தேதி. காலைல பத்து மணிக்கு."

இந்த நாட்டில் ஒரு வருடத்துக்கு எத்தனை நாள்! தேர்வுத் துறைக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

ஜூன் 17

தேதியை மாற்ற முடியுமா என்று சாரிடம் கேட்டுப் பார்ப்பதாக உலகுவிடம் சொல்லியிருந்தேன். போனேன். போனதும் சார் மேடைப் பதாகை பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் படம் இடது பக்கமா, வலது பக்கமா என்று நிறைய நேரம் யோசித்தார். பேச்சு அப்படியே போய்விட்டது. நடுவில் நுழைந்து, என் நாத்தனாருக்குப் பரீட்சை, அதனால் சொதி வைக்க ஆளில்லை என்று சொன்னால் என்ன நினைப்பார்? ஒரு மெய்யியல் ஆய்வாளர் பேசுகிற பேச்சா அது?

"மாத்த முடியாதாம் உலகு" என்றேன் வந்து.

"கேட்டீகளா மதினி?"

"பின்ன? கேக்காமலா?"

"சரி" என்றாள். காபி வந்தது. அதைக் குடிக்கும்போது கொஞ்சம் சங்கடமாக இருந்தது, சீனி குறைவு.

ஜூன் 20

இரண்டு நாளாக யோசித்ததில் தெளிவு வந்திருக்கிறது. ஒரு பெண் உயர்ந்தால் அவளோடு சேர்ந்து மற்றப் பெண்களும் உயர்கிறார்கள். நான் முனைவர் ஆனால் அது உலகுவுக்கும் வெற்றிதான். நாளைக்கு அவளே, 'எங்க மதினி டாக்டர்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். பரீட்சை எங்கே ஓடிவிடப் போகிறது? அடுத்த முறை எழுதலாம். இந்தத் தென்காசி இல்லாவிட்டால் இன்னொரு தென்காசி.

இதையே இவரும் அவளிடம் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் சுருக்கமாக. "இப்ப நீ பாஸாகி என்ன செய்யப் போற?"

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஆண்கள் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்! என் வாதம் முற்றிலும் வேறு. அதில் தோழமை இருக்கிறது.

ஜூன் 22

உலகுவிடம் விஷயத்தை விளக்கினேன். விடியற்காலையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு அவள் பரீட்சைக்குப் போனால் என்ன?

"சொதிய விடியக்காலம் வச்சா மத்தியானத்துக்குள்ள ஊசிப்போகும் மதினி. தேங்காப்பால்லா. பத்து மணிக்கு மேல வச்சாத்தான் பந்திக்கு நல்லாருக்கும்."

"அப்ப என்ன செய்ய?"

"பாப்போம் மதினி" என்றாள்.

சம்மதித்துவிட்டாள். மிகவும் பக்குவமானவள். எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது.

ஜூன் 25

வைவாவில் அரைமணி நேரம் என் ஆய்வைச் சுருக்கிப் பேசவேண்டும். இவரிடம் பேசிக்காட்டலாம் என்றால் நாலாவது நிமிஷத்தில் கொட்டாவி விடுகிறார். அடுப்படியில் நின்று உலகுவிடம் பேசிக்காட்டினேன். அவள் கூட்டுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டே கேட்டாள். மிக்ஸி ஓடும்போது நான் நிறுத்தினேன். நான் பேசும்போது அவள் மிக்ஸியை நிறுத்தினாள். நல்ல கேட்பாளர்.

வீட்டு வேலை இயற்கையாகவே பெண்ணுடையது என்று சொல்லிச் சொல்லி அதை வேலையே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கூலி இல்லை, ஓய்வு இல்லை, பெயர் இல்லை. அந்த வேலையின் மேல் ஏறி நின்றுகொண்டுதான் மற்றவர்கள் சிந்தனையாளர்கள் ஆகிறார்கள். இதுதான் என் மையவாதம். சொல்லும்போது எனக்கே சிலிர்த்தது.

"இது நம்ம வீட்டப் பத்தியா மதினி?" என்றாள்.

"இல்ல உலகு. பொதுவா."

"பொதுவான்னா யாரு?"

"எல்லாரும்தான்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அந்த வேலைய யாரு செய்யணும்னு போட்டிருக்கீக?"

"அது என் ஆய்வு எல்லைக்குள்ள வராது" என்றேன். உண்மையில் முன்னுரையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். "பொதுவா, ஆண், பெண் யாரு வேணும்னாலும் செய்யலாம்னு போட்டிருக்கு. நாலாம் அத்தியாயம்."

"ஓ" என்று சொல்லிவிட்டு மிக்ஸியைப் போட்டாள். அது ரொம்ப நேரம் ஓடியது. தேங்காய் அவ்வளவு அரைபட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 28

பட்டுப்புடவையா, கைத்தறியா? பட்டு என்றால் பெண்ணியத்துக்கு ஒவ்வாது என்கிறார் சார். கைத்தறி என்றால் கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி இல்லை என்கிறார் இவர். என் உடம்பு என் உரிமை என்று இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியவள், இரண்டு ஆண்களும் ஒத்துக்கொள்கிற ஒரு புடவையைத் தேடிப் பாளையங்கோட்டைக் கடைகளில் அலைந்தேன். கடைசியில் கைத்தறிப் பட்டு என்று ஒன்று கிடைத்தது.

ஜூலை 1

தேங்காய் வந்துவிட்டது. முருங்கைக்காய், உருளை, கேரட் வந்துவிட்டன. இஞ்சித் துவையலுக்கு இஞ்சி வந்துவிட்டது.

உலகு சாயங்காலம் முழுக்கத் தன் அறையில் இருந்தாள். நாளைக்கு நிறைய வேலை, ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 2

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலை ஆறு மணிக்கு நான் குறிப்புகளோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். காபி வந்தது. கூடவே உலகுவும் வந்து நின்றாள். நீலப் புடவை, வாரிய தலை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவும்.

"போயிட்டு வாரேன் மதினி. ஒரு கோச்சிங் டீச்சர் கடைசியா ஒருக்கா கட்டுரைய சொல்லித் தாரேன்னாக. நேரத்தோட போணும்."

எனக்கு வாயில் வந்தது ஒரே ஒரு சொல். "சொதி?"

"பருப்பு ஊறப் போட்டிருக்கேன். காயெல்லாம் நறுக்கியாச்சு. பால் மட்டும் எடுத்து வைக்கணும். தண்ணிப்பால்ல காய வேகவிட்டு, கடைசியா கெட்டிப்பால ஊத்துனதும் எறக்கிருங்க. கொதிக்க விட்டா திரிஞ்சிரும்."

"நான் எப்படி உலகு? எனக்கு வைவா."

"யாரு வேணும்னாலும் செய்யலாம்னுதான மதினி போட்டிருக்கீக."

கிண்டலே இல்லை. நான் எழுதியதை நம்பிச் சொல்கிற முகம். கிண்டல் செய்திருந்தால் திட்டியிருப்பேன்.

இவர் பல் துலக்கிக்கொண்டே வந்து, "ஏ உலகு, மதினிக்கு இன்னைக்கு எவ்வளவு முக்கியமான நாளு" என்றார் நுரையோடு.

"எனக்கும்தாண்ணே" என்றாள். "நீங்களும் இருக்கீகள்லா. தேங்கா துருவிக் குடுங்க." வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தேங்காயைத் துருவியது இவர். இருபது வருட இல்லறத்தில் முதல் முறை. துருவியில் விரலைக் கீறிக்கொண்டு, ஒரு பெரிய போரில் காயம்பட்டவர் மாதிரித் துணி சுற்றிக்கொண்டார். மத்தியானத்துக்குள் ஊசிப்போகுமே என்ற கவலைக்கு இடமே இருக்கவில்லை. அடுப்பிலேயே திரிந்துவிட்டது. முன்னுரையை ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம் என்று அரை நிமிஷம் கண்ணை மூடினேன், அதற்குள் கொதித்துவிட்டது. மேலே வெள்ளைத் திப்பிகள், கீழே மஞ்சள் தண்ணீர்.

வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு போனோம்.

வைவா நன்றாகவே நடந்தது. மேடைப் பதாகையில் சார் இடது பக்கம், வலது பக்கம், இரண்டு பக்கமும் இருந்தார். நடுவில் தபால்தலை அளவில் நான். அரை மணி நேரம் தடங்கல் இல்லாமல் பேசினேன். பிறகு சாரதாமணி அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகமுங்க. இந்த ஆறு வருசமும் நீங்க இதை எழுதறப்ப, உங்க வீட்டுல சமையல் யாருங்க பண்ணுனது?"

அவையில் சிரிப்பு. உலகம்மாள் என்று சொல்லியிருக்கலாம். ஆறு எழுத்து. நான் சொன்னது வேறு.

"இன்னிக்குக் காலையில நானும் என் கணவரும் சேர்ந்துதான் சமைச்சோம் மேடம். தேங்காய் துருவினது அவர்தான்."

பொய்யில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"இதோ, அவங்க வீட்டுக்காரர் முன்வரிசையிலயே இருக்காரு!" என்று சார் மைக்கைப் பிடித்தார். இவர் எழுந்து, துணி சுற்றிய விரலோடு கும்பிட்டார். அரங்கம் அதிரக் கைதட்டியது. ஆறு வருடம் எழுதிய எனக்குக் கிடைத்ததைவிட, ஒரு காலையில் தேங்காய் துருவியவருக்குக் கிடைத்த கைதட்டல் அதிகம். இப்படித்தான் நடக்கும் என்று ஆறாம் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறேன்.

சாரதாமணி அம்மையார் கைதட்டவில்லை. "நல்லதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்.

பந்தியில் சார் ஒரு வாய் எடுத்தார். அதற்குமேல் எடுக்கவில்லை. "யாரும்மா வச்சது?" என்றார். "நாங்க ரெண்டு பேரும் சார்." மேடையில் சமத்துவத்தைக் கொண்டாடியவர், இலையில் அதை ஓரமாக ஒதுக்கிவைத்தார்.

பரிமாற வந்திருந்த சார் வீட்டு அம்மா என் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டார். "வழக்கமா வைக்கிறவ எங்கம்மா?"

வழக்கமாக வைக்கிறவள் ஒருத்தி இருப்பாள் என்று அந்த அரங்கத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

"பரீட்சை எழுதப் போயிருக்கா" என்றேன்.

"நல்லது" என்றார். முகம் முழுக்கச் சிரித்தார். பிறகு அந்தத் திரிந்த சொதியையே இரண்டு கரண்டி ஓர் இலையில் ஊற்றிக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். அவர் பெயர் என்ன என்று கேட்கவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் சார் ரசம் கேட்டுவிட்டார்.

சாயங்காலம் உலகு எங்களுக்கு முன்பே வந்து வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "நல்லா எழுதிருக்கேன் மதினி. உங்களுக்கு?"

"கெடச்சிருச்சு."

"நெசமாவா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையான சந்தோஷம். பாத்திரத்தில் மிஞ்சியிருந்த சொதியைப் பார்த்தாள், கொட்டிவிட்டுக் கழுவி வைத்தாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு நல்ல சொல் இருந்தால் எழுதியிருப்பேன்.

ஜூலை 3

காபி வந்தது. எழுந்து போய் நானே வாங்கிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது.

ஜூலை 11

வாசலில் புதுப் பலகை மாட்டினார் இவர். 'முனைவர் ஆ. தில்லைநாயகி.' தெருவில் போகிற யாரையும் விடாமல் நிறுத்தித் தேங்காய் கதையைச் சொல்கிறார். இப்போது அதில் அவர் சொதியையும் தாமே வைத்துவிடுகிறார். இன்னும் இரண்டு வாரத்தில் ஆய்வேட்டையும் எழுதிவிடுவார்.

ஜூலை 29

உலகு தேறிவிட்டாள்.

செய்தியைச் சொல்லிவிட்டுப் பூஜை அறையில் போய் நின்று அழுதாள். நானும் கூடப் போய் நின்றேன். தென்காசிக்காரர்களுக்குப் போன் போட்டாயிற்று. ஆவணி பிறந்ததும் வரச் சொல்லிவிட்டார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "அப்ப, எப்ப கெளம்புத?" என்பது. வாழ்த்துச் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 4

வீட்டோடு இருக்கிற மாதிரி நல்ல பெண் யாராவது கிடைப்பாளா என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். சார் அழைத்து, அடுத்த மாதம் கருத்தரங்கில் 'அடுப்படியிலிருந்து விடுதலை' என்ற தலைப்பில் பேசச் சொன்னார். தயாரிக்க நேரம் வேண்டும். இந்த நேரம் பார்த்து வீட்டில் ஆளில்லை.

மேலே எழுதிய இரண்டு விஷயத்தையும் ஒன்றாகப் படித்துப் பார்த்தேன். அடித்துவிடலாம் போலிருந்தது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17

உலகு கிளம்பிவிட்டாள்.

ஒரே ஒரு பெட்டி. ஆறு வருடம் ஒரு வீட்டையே தூக்கிச் சுமந்தவளுக்குச் சொந்தமாக ஒரு பெட்டிதான் இருந்தது. பட்டுப்புடவை ஒன்றை எடுத்து நீட்டினேன். "ஹாஸ்டல்ல எதுக்கு மதினி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சொல்லவேண்டியதை எல்லாம் நேற்றே மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். சாரிடம் தேதியை மாற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை என்பதைச் சொல்லிவிடுவது. அந்த ஆங்கிலக் கட்டுரையைச் சொல்லித் தராததற்கு மன்னிப்புக் கேட்பது. அன்றைக்கு அரங்கத்தில் அவள் பெயரைச் சொல்லாமல் விட்டதைச் சொல்வது. ஆட்டோ வந்துவிட்டது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"மதினி, உங்களத் தனியா விட்டுட்டுப் போறோமேன்னு ரொம்பக் கவலையா இருந்துச்சு. அண்ணன்தான் சொன்னாக. வைவால நீங்க ரெண்டு பேரும் சேந்து சமைக்கிறதா சொன்னீகளாம். எல்லாரும் கைதட்டுனாகளாம். கேட்டதும் மனசுக்கு நிம்மதியாயிட்டு. இனிமே எனக்குக் கவலையில்ல. ரெண்டு பேருமா பாத்துக்கிடுவீக."

இவர் பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டினார்.

ஆட்டோ தெருமுனையில் திரும்புகிறவரை அவள் கை வெளியே ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவள் போனதற்கு அழுதேனா, எனக்காக அழுதேனா என்று என்னைக் கேட்டால் பதில் தெரியாது.

ஆகஸ்ட் 18

காலை ஏழு மணி. கூடத்தில் இவர் ஒரு நாற்காலியிலும் நான் ஒரு நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறோம். பேப்பர் வந்துவிட்டது. பால்காரர் வந்து போய்விட்டார்.

காபி வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.